உங்கள் ஊரைச் சுற்றிக் காட்டுங்கள்

உங்கள் ஊருக்கு ஒரு விருந்தினர் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்டு முடித்து, சற்று இளைப்பாறிய பின், "உங்கள் ஊரைக் கொஞ்சம் சுற்றிக் காட்டுங்களேன்" என்று கேட்கிறார். அவரை எங்கே அழைத்துச் செல்வீர்கள்? நம்மில் பெரும்பாலோர் புதிய கல்யாண மண்டபத்தையும், கடைவீதியையும், பளிங்கு பதித்த புதுப் பள்ளிவாசலையும் காட்டிவிட்டு அரை மணி நேரத்தில் வீடு திரும்பிவிடுவோம். இருநூறு ஆண்டுகளாக மழையையும் வெயிலையும் தாங்கி நிற்கும் பழைய கல் மண்டபத்தைக் கடந்து செல்லும்போது, "அது பழசு" என்ற ஒரு சொல்லோடு நடையைத் தொடர்வோம்.

அந்த ஒற்றைச் சொல்லில் எத்தனை தலைமுறைகளை நாம் புதைத்துவிடுகிறோம் என்பதைச் சிந்தித்துப் பார்க்கவே இக்கட்டுரை. பூமியில் பயணம் செய்து, முன் சென்றவர்களின் நிலையைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை நம்மைப் பலமுறை பணிக்கிறது. அந்தப் பயணம் தொலைதூர நாடுகளுக்கு மட்டுமே உரியதன்று. நாம் பிறந்த தெருவிலிருந்தே அதனைத் தொடங்கலாம்.

மரபு நடை என்னும் நற்பழக்கம்

பழைய கட்டிடங்களும் தெருக்களும் நிறைந்த ஊர்களில், விவரம் அறிந்த ஒருவர் முன்னே நடந்து விளக்கம் சொல்ல, சிறு குழுவொன்று பின்தொடர்ந்து கேட்டுச் செல்வதை இன்று "மரபு நடை" என்கிறார்கள். பேருந்தில் அமர்ந்து சன்னல் வழியே பார்ப்பதற்கும் இதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. நடப்பவன் கண்ணுக்குத்தான் வாசற்படியின் தேய்மானமும், கதவின் மேலுள்ள செதுக்கு வேலையும் புலப்படும்.

நம் நாட்டில் இதற்குச் சிறந்த முன்மாதிரியாக விளங்குவது அகமதாபாத். 1411-ல் சுல்தான் அகமது ஷா நிறுவிய அந்நகரில், 1997 நவம்பர் 19 அன்று மாநகராட்சியின் துணையோடு மரபு நடை தொடங்கப்பட்டது. காலை வேளையில் காலுப்பூரிலுள்ள சுவாமி நாராயணன் கோயிலில் புறப்படும் அந்த நடை, "போள்" எனப்படும் வாயிற்கதவு கொண்ட பழைய குடியிருப்புச் சந்துகள் வழியாக நெளிந்து சென்று, 1424-ல் கட்டப்பட்ட ஜாமிஆ மஸ்ஜிதில் நிறைவு பெறுகிறது. கோயிலில் தொடங்கிப் பள்ளிவாசலில் முடியும் அந்தப் பாதை, அந்நகர மக்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்து வாழ்ந்த வரலாற்றைச் சொற்பொழிவு ஏதுமின்றியே உணர்த்திவிடுகிறது. 2017-ல் யுனெஸ்கோ நிறுவனம் அகமதாபாத்தின் பழைய நகரை உலக மரபுரிமை நகரமாக அறிவித்தது. தன் சந்துகளின் அருமையை முதலில் தானே உணர்ந்துகொண்ட நகரத்தைத்தான் பிறகு உலகமும் மதித்தது.

தமிழகத்திலும் இது புதிதன்று. 1639 ஆகஸ்ட் 22-ஐச் சென்னையின் பிறந்த நாளாகக் கொண்டாடும் வழக்கம் 2004-ல் தொடங்கியது முதல், ஆண்டுதோறும் அந்நாட்களில் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பகுதிகளில் இத்தகைய நடைகள் நிகழ்கின்றன. அண்டையிலுள்ள புதுச்சேரியில் பிரெஞ்சுத் தெருக்களைப் போலவே, காஜியார் தெருவும் முல்லா வீதியும் அமைந்த முஸ்லிம்கள் பகுதியும் காணத்தக்க மரபுப் பகுதியாக மதிக்கப்படுகிறது. ஆனால் பெருநகரங்களுக்குக் கிடைத்த இந்த நற்பேறு நம் சிற்றூர்களுக்கு இன்னும் போதிய அளவு கிட்டவில்லை.

வீட்டு வாசலிலேயே வரலாறு

நான் வசிப்பது தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதனோடு இணைந்துவிட்ட ஊர் இது. ஏரியும் வயலுமாக இருந்த இடம், இன்று மனைப்பிரிவுகளும் அடுக்குமாடி வீடுகளுமாக மாறிவிட்டது. இதன் நடுவே சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் கோயில் நிற்கிறது. அதன் விமானம் படுத்திருக்கும் யானையின் பின்புறம்போல் வளைந்த வடிவுடையது. தமிழ்க் கட்டிடக் கலையில் இதனைத் "தூங்கானை மாடம்" என்பர். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னம் இது. 2010-ல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, இத்தகைய சின்னங்களைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதுக் கட்டிடம் எழுப்பத் தடையும், அதற்கப்பால் இருநூறு மீட்டர் வரை கட்டுப்பாடும் உண்டு. எங்கள் மத்ரஸா மாணவர்களிடம் நான் இதைச் சொன்னபோது, "நம் ஊரில் இப்படி ஒன்றா?" என்றுதான் பலரும் வியந்தார்கள். நாள்தோறும் அந்தத் தெருவழியே சைக்கிளில் வரும் பிள்ளைகள் அவர்கள்!

சற்று வடக்கே பல்லாவரம் செல்லுங்கள். 1863 மே 30 அன்று, புவியியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கேதான் பழைய கற்கால மனிதன் செதுக்கிய கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்திய மண்ணில் மனிதன் எத்தனை தொன்மையானவன் என்ற ஆராய்ச்சிக்கு வாயில் திறந்தது அந்தக் கல்தான். அவர் சேர்த்த தொல்பொருள்களை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. அதே பல்லாவரத்துக் குன்றில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை ஒன்றும் இருக்கிறது. அவனுடைய விருதுப் பெயர்கள் பொறித்த ஏழாம் நூற்றாண்டுத் தூண்கள் கொண்ட அந்தக் குடைவரை, பிற்காலத்தில் முஸ்லிம்களின் தர்கா வளாகத்தோடு சேர்ந்துவிட்டது. ஒரு பல்லவ மன்னனின் கல்லெழுத்து நம் சமுதாயத்தாரின் அண்மையில் இருக்கிறதென்றால், அது எவ்வளவு பெரிய அமானிதம்! அதைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னவர்கள் எத்தனை பேர்?

பழவேற்காட்டில் ஒரு காலை

இனி, நம்மவர் வாழும் ஒரு சிற்றூரையே நடந்து பார்ப்போம், வாருங்கள். தாம்பரத்தில் மின்சார ரயிலேறிப் பூங்கா நிலையத்தில் இறங்கி, எதிரேயுள்ள சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்தால், பொன்னேரியில் இறங்கலாம். அங்கிருந்து பேருந்தில் பழவேற்காடு. அதிகாலையில் புறப்படுவது நலம். வெயில் ஏறிவிட்டால் உப்பங்கழியின் ஓரத்தில் நடப்பது கடினம்.

இவ்வூருக்கு வருவோர் பலரும் ஏரியில் படகேறி, பறவைகளைப் பார்த்து, மீனும் நண்டும் உண்டு திரும்பிவிடுகிறார்கள். ஊரின் உண்மையான செல்வம் கரையிலே இருக்கிறது. நம் வீடுகளில் உடுத்தும் "பளையக்காட்" கைலி இவ்வூரின் பெயரைத் தாங்கியதே. மலேசியாவில் உறவினர் உள்ளவர்கள் அறிந்திருப்பீர்கள்: மலாய் மக்கள் இன்றும் அவ்வகைக் கைலியைப் "பெலேக்காட்" என்றே அழைக்கிறார்கள். இக்கரையில் ஏற்றிய துணி அக்கரையில் ஊர்ப்பெயரையே விதைத்துவிட்டது.

ஒல்லாந்தர் இங்கே 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாகப் பழவேற்காடே விளங்கியது. இன்று அந்தக் கோட்டையில் புதரும் மேடும் அகழியின் சுவடுமே எஞ்சியுள்ளன. அங்கே நிற்கும்போது துணியையும் வெடிமருந்தையும் மட்டும் நினைத்தால் போதாது. பதினேழாம் நூற்றாண்டில் இக்கரையிலிருந்து ஆயிரக்கணக்கான ஏழை மக்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு, கீழை நாடுகளிலிருந்த ஒல்லாந்தர் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பஞ்ச காலங்களில் பசிக்குத் தம்மையே விற்றவர்களும் அவர்களுள் இருந்தார்கள். அவர்களுக்கு இங்கே கல்லுமில்லை, பெயருமில்லை. நடையை வழிநடத்துபவர் அழகானதை மட்டும் காட்டிவிட்டுப் போவாரானால், அவர் பாதி உண்மையையே சொன்னவராவார்.

அடுத்து ஒல்லாந்தர் இடுகாட்டைப் பாருங்கள். வாயிலின் இருபுறமும் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டுள்ளன. வாழ்நாள் மணலாய்ச் சரிந்துகொண்டிருப்பதை நினைவூட்டும் மணற்கடிகாரமும் அங்கே உண்டு. உள்ளே பெரிய கற்பலகைகளில் பெயரும் தேதியும் குலச்சின்னமும் துலக்கமாகத் தெரிகின்றன. தொல்லியல் துறையின் வேலிக்குள் அவை பாதுகாப்பாக இருக்கின்றன. 1825-ல் ஒல்லாந்தர் இவ்வூரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துப் போய்விட்டார்கள். போனவர்களின் பெயர்களை இன்று எவரும் வந்து வாசிக்கலாம்.

ஆனால் போகாமல் இங்கேயே தங்கிவிட்ட நம்மவரின் கதை எங்கே எழுதப்பட்டிருக்கிறது? கப்ருகளின் மேல் கட்டிடம் எழுப்புவதை மார்க்கம் விரும்பவில்லை. எனவே நம் முன்னோரின் மையவாடிகள் பெரும்பாலும் மண்மேடுகளாகவே இருக்கின்றன. அது நமக்குக் குறையன்று. ஆயினும் ஒன்றை நாம் மறக்கலாகாது: கல்லில் எழுதி வைக்காத சமுதாயம், நாவிலும் ஏட்டிலும் எழுதி வைத்தே ஆகவேண்டும். அதையும் செய்யாவிட்டால், நாம் இங்கே வாழ்ந்தோம் என்பதற்கு நாமே சாட்சியில்லாமல் போய்விடுவோம்.

பழவேற்காட்டு மரைக்காயர், லெப்பைக் குடும்பங்களின் முன்னோர் அரபுநாட்டிலிருந்து சில மரக்கலங்களில் வந்து கரையேறியவர்கள் என்று ஊரில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இது செவிவழிச் செய்தி. அப்படியே சொல்லிக் கேட்பதில் தவறில்லை. பனையோலையில் வண்ணக் கூடைகளும் பெட்டிகளும் முடையும் கைத்தொழில் இவ்வூர் முஸ்லிம் பெண்களிடையே நிலைத்திருக்கிறது. அந்தக் கூடையொன்றை விலைக்கு வாங்குவதும் நடையின் ஒரு பகுதியாக இருக்கட்டும். செம்புராங்கல்லில் எழுந்த ஆதிநாராயணப் பெருமாள் கோயிலையும், போர்த்துக்கீசியர் வருகையோடு தோன்றிய மாதா கோயிலையும் பார்த்துவிட்டு, சின்னப் பள்ளிவாசலுக்கு வாருங்கள். அங்கே ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது.

மத்ரஸாவில் தொழுகை நேரங்களைப் பாடமாக நடத்தும்போது நிழலின் கணக்கைச் சொல்லித் தருகிறோம். சூரியன் உச்சி சாய்ந்ததும் லுஹர். ஒரு பொருளின் நிழல், உச்சிப்பொழுதில் இருந்த நிழலைக் கழித்து, அப்பொருளின் நீளத்தை எட்டிக் கடக்கும்போது ஷாஃபி மத்ஹபின்படி அஸர். ஹனஃபி மத்ஹபில் அது இருமடங்கு. பிள்ளைகள் இதனை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் கைக்கடிகாரத்தைப் பார்த்தே தொழச் செல்கிறார்கள். சூரியக் கடிகாரத்தின் முன் நின்ற எங்கள் மாணவர்கள் சிலர், தாமாகவே ஒரு குச்சியை நட்டு நிழலை அளக்கத் தொடங்கினார்கள். ஓராண்டுப் பாடம் ஒரு நாழிகையில் விளங்கிவிட்டது. பழைய பொருளொன்று தன் இடத்திலேயே நிற்பதால் விளையும் நன்மை இதுதான்.

அழியும் முன்னர்

இப்போது மனத்தை உறுத்தும் செய்திக்கு வருகிறேன். நம் தமிழகத்துப் பள்ளிவாசல்களில் தனித்தன்மை வாய்ந்த ஒரு வகை உண்டு. கல்தூண்கள், கற்பலகை பாவிய தட்டையான கூரை, முன்மண்டபம். உருவங்கள் ஏதுமின்றி, பூவும் கொடியும் கோலமுமாகச் செதுக்கிய வேலைப்பாடு. கிப்லாச் சுவரில் எளிய மிஹ்ராப். கோயில் மண்டபங்களை எழுப்பிய அதே கல்தச்சர் மரபு, நம் தொழுகைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டு கட்டியவை அவை. வள்ளல் சீதக்காதியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கீழக்கரை ஜும்ஆப் பள்ளி இதற்குச் சிறந்த சான்று. 1795-ல் கருங்கல்லால் எழுந்த சென்னை வாலாஜா பள்ளிவாசல் வடநாட்டுச் சாயலுடையது. கீழக்கரைப் பள்ளியோ இந்த மண்ணின் சாயலுடையது. இரண்டும் நம்முடையவையே.

ஆனால் பல ஊர்களில் இத்தகைய பழைய கல் பள்ளிகள் இடிக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் கான்கிரீட் மாடிகளும் குவிமாடங்களும் எழுந்துவிட்டன. பழைய வீடுகளின் நிலையும் இதுவே. காயல்பட்டினத்தில் பெண்கள் தெருவுக்கு வராமலே உறவினர் வீடுகளுக்குச் சென்றுவர உதவிய "முடுக்கு" எனும் சந்துகள், ஒரு வாழ்க்கை முறையையே கட்டிடமாக்கிக் காட்டியவை. வீடுகள் மாறினால், முடுக்குகளின் பொருளும் மறைந்துவிடும்.

"பள்ளிவாசல் தொழுவதற்குத்தானே? அது அருங்காட்சியகமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜும்ஆவுக்கு வருவோர் தெருவில் விரித்துத் தொழும் நிலையில், இடத்தைப் பெரிதாக்காதீர்கள் என்று எவரும் சொல்ல முடியாது. மதீனாவிலுள்ள நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலே உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோர் காலங்களில் விரிவாக்கப்பட்டது. அதன்பின்னும் பன்முறை விரிவாக்கப்பட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அத்தனை மாற்றங்களுக்குப் பின்பும், அபூலுபாபா (ரலி) தம்மைப் பிணைத்துக்கொண்ட தூண் எது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பெயரால் வழங்கும் தூண் எது என்று இடஞ்சுட்டிச் சொல்ல முடிகிறது. கட்டிடம் மாறியபோதும் இடத்தின் நினைவு மாறாதபடி காத்தார்கள். நாமோ கட்டிடத்தையும் மாற்றி, நினைவையும் குப்பையோடு வாரிக் கொட்டிவிடுகிறோம்.

விரிவாக்க வேண்டிய ஜமாஅத்துகள், பழைய மண்டபத்தை உள்பள்ளியாக வைத்துக்கொண்டு முன்னாலோ பக்கத்திலோ புதிதாகக் கட்டலாமா என்பதை முதலில் ஆராயட்டும். முடியாத நிலையில், இடிக்கும் முன் அளந்து வரைபடம் எடுக்கலாம். ஒவ்வொரு தூணையும் கல்வெட்டையும் படம் பிடிக்கலாம். சில தூண்களையேனும் புதுக்கட்டிடத்தில் பொருத்தலாம். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வேண்டியது அக்கறை ஒன்றே.

நாமே தொடங்கலாம்

இந்த அக்கறையைப் பிறப்பிக்கும் எளிய வழியாகவே நான் மரபு நடையைக் கருதுகிறேன். மாதம் ஒருமுறை தன் பள்ளிவாசலின் கதையை அயலூராருக்குச் சொல்லும் ஊர், அதனை இடிக்க எளிதில் மனம் கொள்ளாது. எவரும் எடுத்துச் சொல்லாத கட்டிடம் இடிபடும்போது எவருடைய நெஞ்சும் வலிப்பதில்லை.

உங்கள் ஊரிலும் இதனைத் தொடங்கலாம். முதலில் ஜமாஅத் பெரியவர்களிடம் அனுமதி பெறுங்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேற்படாத பாதையில் எட்டுப் பத்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள். பள்ளிவாசல், ஹவுள், மத்ரஸா, பழைய வீடு, சந்தை, குளம், அண்டையிலுள்ள கோயில் என்று அவை அமையட்டும். குழுவில் இருபது பேருக்கு மேல் வேண்டாம். ஃபஜ்ருக்குப் பின் தொடங்கினால் வெயிலுக்கு முன் முடித்துவிடலாம். தொழுகை நேரத்தில் படம் பிடித்தலும் உரத்த பேச்சும் கூடா. வீட்டார் அழைத்தாலன்றி எவர் வீட்டினுள்ளும் நுழையாதீர்கள்.

பெண்களை மறந்துவிடாதீர்கள். வீட்டின் உட்புற வரலாற்றை, எந்த அறையில் பிள்ளைப்பேறு பார்த்தார்கள், எந்தத் திண்ணையில் ஓதக் கற்றார்கள் என்பதை, உங்கள் உம்மம்மாவைவிட அறிந்தவர் எவர்? பேத்தி கேட்டுக் குறிப்பேட்டில் எழுதட்டும். பழைய கடிதம், நிலப் பத்திரம், அரபுத் தமிழில் எழுதிய ஏடு இருந்தால் அவற்றைப் படியெடுத்து வையுங்கள்.

யாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. ஹதீஸ் கலையை ஓதியவர்களுக்கு "இஸ்னாத்" என்றால் என்னவென்று தெரியும். இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடர் அது. அதே ஒழுங்கை ஊர்க்கதைக்கும் கைக்கொள்ளுங்கள். "இப்பள்ளி ஆயிரம் ஆண்டுப் பழமையானது" என்று பெருமைக்குச் சொல்லாதீர்கள். கல்வெட்டு இருந்தால் கல்வெட்டைக் காட்டுங்கள்; பாட்டனார் சொன்னதாயின் பாட்டனார் சொன்னார் என்றே சொல்லுங்கள். மெய்யான இருநூறு ஆண்டுகள், பொய்யான ஆயிரம் ஆண்டுகளைவிடக் கண்ணியமானவை.

வாசகர்களே! இதற்கு அரசாணையும் வேண்டியதில்லை. நன்கொடை வசூலும் வேண்டியதில்லை. வரும் விடுமுறையில் உங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்து, ஒரு காலைப் பொழுதில் உங்கள் தெருவை நடந்து பாருங்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்விக்கு உங்களிடம் விடை இல்லையென்றால், அந்த மஹல்லாவின் மூத்தவர் ஒருவரின் கதவைத் தட்டுங்கள். அவர் இருக்கும்போதே தட்டுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்தக் கேள்வியிலிருந்தே உங்கள் ஊரின் மரபு நடை தொடங்கிவிடும்.